"யாராவது பார்த்திருப்பார்கள்" என்று நம்பி வீடு வாங்காதீர்கள்: வாங்குபவருக்கும் விற்பவருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

"பேங்கே லோன் கொடுக்க ஒத்துக்கிட்டாங்க, அப்புறம் என்ன பயம்?" வீடு வாங்கக் கிளம்பியவர்களிடம் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். அதற்கடுத்தது, "பதிவு ஆகிடுச்சு, இனி யாரும் அசைக்க முடியாது." மூன்றாவது, "புரோக்கர் நமக்குத் தெரிஞ்சவர்." மூன்றுக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான் இருக்கிறது: நமக்காக யாரோ எல்லாவற்றையும் பார்த்திருப்பார்.

எல்லோரும் பார்க்கத்தான் செய்கிறார்கள், அவரவருக்கு வேண்டியதை. கொடுத்த கடன் திரும்புமா என்று வங்கி பார்க்கிறது. பத்திரம் முறைப்படி எழுதப்பட்டிருக்கிறதா என்று பதிவு அலுவலகம் பார்க்கிறது. வியாபாரம் முடியுமா என்று தரகர் பார்க்கிறார். உங்கள் பக்கம் நின்று பார்ப்பதற்கு நீங்களே ஓர் ஆளை வைக்காவிட்டால் அந்த இடம் காலியாகவே கிடக்கும். வீடு வாங்குவது, விற்பது பற்றிய தவறான நம்பிக்கைகளில் பெரும்பாலானவை அந்தக் காலி இடத்தில் முளைப்பவை. வரிசையாகப் பார்ப்போம். சட்டமும் வரியும் நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: "வாடகை வீண் செலவு, தவணை சேமிப்பு" என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

எந்த நாட்டு நாணயமானாலும் சரி, 1,00,000 கடன் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி 9 சதவீதம், காலம் 20 ஆண்டு. மாதத் தவணை ஏறக்குறைய 900 வரும். முதல் மாதம் நீங்கள் கட்டும் அந்த 900இல் 750 வட்டிக்குப் போகிறது. அசலில் கழிவது 150தான்.

ஐந்து ஆண்டு தவறாமல் கட்டினால் உங்கள் கையிலிருந்து போனது சுமார் 54,000. கடனில் குறைந்தது 11,300 அளவுதான். இன்னும் 88,700 பாக்கி. பாதிக் காலம், அதாவது பத்து ஆண்டு முடியும்போதும் பாக்கி 71,000. கடன் பாதியாகக் குறைவது பதினான்காம் ஆண்டு வாக்கில். இருபது ஆண்டும் கட்டி முடித்தால் வாங்கியதைப் போல 2.16 மடங்கு கட்டியிருப்பீர்கள்.

வாடகை திரும்பி வராத காசு என்றால், அந்த 750ம் திரும்பி வராத காசுதான். சொத்து வரி, பராமரிப்பு, காப்பீடு, வாங்கும்போதும் விற்கும்போதும் ஆகும் கட்டணங்கள் எல்லாமும் அப்படியே. ஆகவே மூன்று நான்கு ஆண்டில் வேறு ஊருக்கு மாறக்கூடியவர் வாங்கினால் பெரும்பாலும் நட்டப்படுவார். பத்துப் பதினைந்து ஆண்டு இருக்கப் போகிறவருக்குக் கணக்கு மாறும். வீடு வாங்காதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. காலி செய்யச் சொல்ல யாருமில்லை என்ற நிம்மதிக்கு ஒரு விலை கொடுக்கலாம். அதை விலை என்று தெரிந்தே கொடுக்க வேண்டும்.

இதோடு ஒட்டிப் பிறந்தது "வீட்டு விலை ஏறத்தான் செய்யும்" என்பது. ஆம்ஸ்டர்டாமின் ஹெரன்கிராக்ட் கால்வாய்க் கரை வீடுகளின் விற்பனைப் பதிவுகள் 1628இலிருந்து கிடைக்கின்றன. பொருளாதார ஆய்வாளர் பீட் ஐகோல்ட்ஸ் அவற்றை 1973 வரை தொகுத்துப் பார்த்தார். பணவீக்கத்தைக் கழித்தால், ஏறத்தாழ 350 ஆண்டில் விலை இரண்டு மடங்கு அளவுக்குத்தான் உயர்ந்திருந்தது. அதுவும் நகரத்தின் மிகச் சிறந்த தெருவில். ஜப்பானில் 1991 வாக்கில் உச்சம் தொட்ட நகர்ப்புற நில விலை பத்தாண்டுக்கும் மேலாக இறங்கிக்கொண்டே இருந்தது. அமெரிக்காவில் 2006 உச்சத்துக்குப் பிறகு சராசரி வீட்டு விலை நான்கில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது.

கடன் வாங்கி வாங்கும்போது இந்த இறக்கம் பெருகி அடிக்கும். 100க்கு வாங்கிய வீட்டில் உங்கள் காசு 20, கடன் 80 என்றால், விலை 10 சதவீதம் இறங்கினாலே உங்கள் காசில் பாதி போய்விடும். கடன் 80 அப்படியே நிற்கும்.

படி 2: வங்கி தருவதாகச் சொன்ன தொகை உங்கள் வரம்பு அல்ல

உங்கள் வருமானத்தையும் மற்ற கடன்களையும் வைத்து வங்கி அதிகபட்சத் தொகையைச் சொல்கிறது. அம்மாவின் மருத்துவச் செலவு, இரண்டாவது குழந்தை, வேலை மாறும் எண்ணம் எதுவும் அந்தத் தாளில் இல்லை. வட்டி மாறக்கூடிய கடனானால், மேலே சொன்ன அதே கடனுக்கு 9 சதவீதம் 11 ஆகும்போது தவணை 900இலிருந்து 1,030ஐத் தாண்டும். அந்தக் கூடுதல் தொகையைக் கட்ட முடியுமா என்பதுதான் உண்மையான கேள்வி.

ஒரு சோதனை இருக்கிறது. எதிர்காலத் தவணைக்கும் இன்றைய வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தை மாதா மாதம் தனிக் கணக்கில் போடுங்கள். ஆறு மாதம். அதில் கை வைக்காமல் இருக்க முடிந்தால் அந்தத் தவணை உங்களால் ஆகும். இடையில் இரண்டு முறை எடுத்தீர்கள் என்றால் சின்ன வீடு பாருங்கள்.

படி 3: தரகர் யாருடைய ஆள் என்று கேளுங்கள்

நல்ல தரகர்கள் இருக்கிறார்கள், அவர்கள் இல்லாமல் பல வியாபாரங்கள் நடக்கவே நடக்காது. ஆனாலும் கமிஷன் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் வீட்டை 100க்குப் பதில் 105க்கு விற்றுத் தர அவர் இன்னும் ஒரு மாதம் அலைய வேண்டும். கமிஷன் 2 சதவீதம் என்றால் அந்தக் கூடுதல் 5இல் அவருக்குக் கிடைப்பது 0.1. வந்த விலைக்கு முடிப்பதே அவருக்கு லாபம்.

இதை ஸ்டீவன் லெவிட், சாட் சிவர்சன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் சிகாகோ பகுதியின் ஏறத்தாழ ஒரு லட்சம் விற்பனைகளை வைத்து அளந்து 2008இல் வெளியிட்டார்கள். தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்றபோது, வாடிக்கையாளர் வீடுகளை விடக் கிட்டத்தட்ட பத்து நாள் அதிகம் காத்திருந்தார்கள், சுமார் 3.7 சதவீதம் கூடுதல் விலையும் பெற்றார்கள். "இப்பவே முடிச்சுடுங்க, இதுக்கு மேல வராது" என்று அவர் சொல்லும்போது இந்த எண் நினைவில் இருக்கட்டும்.

முதல் சந்திப்பிலேயே மூன்றைக் கேளுங்கள்: யாரிடமிருந்து கமிஷன் வாங்குகிறீர்கள், இரண்டு பக்கமும் வாங்குகிறீர்களா, வியாபாரம் நின்றுபோனால் என்ன? பதிலை எழுத்தில் வாங்குங்கள். அவர் தெரிந்தவராக இருந்தால் இன்னும் கட்டாயம் வாங்குங்கள். தெரிந்தவர் என்பதாலேயே கேட்காமல் விட்டு மனஸ்தாபத்தில் முடிந்த கதைகள் ஏராளம்.

படி 4: வீட்டை மூன்று முறை பாருங்கள்

பெரும்பாலோர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம் பார்த்துவிட்டு, ஆயுள் முழுவதும் கட்டப் போகும் கடனை முடிவு செய்கிறார்கள். பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை, முடிந்தால் மழை பெய்த மறுநாள் ஒரு முறை போய்ப் பாருங்கள். இரவில் தெருவின் சத்தம் தெரியும், மழைக்குப் பின் வீட்டின் உண்மை தெரியும்.

நண்பர் ஒருவருக்காக ஒரு வீடு பார்க்கப் போயிருந்தேன். படுக்கையறையின் மூன்று சுவர்களில் மங்கிப்போன வெள்ளை. நான்காவது சுவரில் மட்டும் பளிச்சென்று புது வெள்ளை. அந்தச் சுவரை ஒட்டித்தான் பீரோவை நிறுத்தியிருந்தார்கள். கேட்டுக்கொண்டு நகர்த்தினோம். தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குப் பெயிண்ட் லேசாகக் கொப்புளித்திருந்தது. நகத்தால் தொட்டதும் சருகு போல் உடைந்தது, உள்ளே வெள்ளைப் பொடி. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை.

அந்தப் பொடி உப்பு. ஓதம் ஏறிய சுவரில் தண்ணீர் ஆவியாகும்போது விட்டுப்போவது. உப்புப் பூத்த சுவரில் எத்தனை கோட் அடித்தாலும் அடுத்த மழைக்காலத்தில் மீண்டும் கொப்புளிக்கும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை ஓரளவுக்குச் சுவரே சொல்லிவிடும். கறை தரையிலிருந்து மேலேறி ஒரு மீட்டர் வாக்கில் கிடைக்கோடு போல் நின்றால், மண்ணிலிருந்து ஏறும் ஓதம். சுவரின் நடுவில் திட்டாக இருந்தால் குழாய்க் கசிவாக இருக்கலாம். மேலிருந்து வழிந்த மாதிரி இருந்தால் மாடியைப் போய்ப் பாருங்கள். குழாய்க் கசிவைச் சரிசெய்வது சின்ன வேலை. அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஓதம் அப்படியல்ல.

விரிசல்களுக்கும் இப்படி ஒரு மொழி உண்டு. பூச்சில் தலைமுடி போல் ஓடும் கோடுகள் அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கும், அதற்காக அலற வேண்டாம். ஜன்னல் அல்லது கதவின் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்புவது, செங்கல் இணைப்பைத் தொடர்ந்து படிக்கட்டு போல் ஏறுவது, ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் ஒடுங்கியும் இருப்பது, சுவரின் இரண்டு பக்கமும் தெரிவது ஆகியவை வேறு. ஒரு நாணயம் உள்ளே நுழையும் அளவு விரிசல் இருந்தால் கட்டடப் பொறியாளர் பார்க்காமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள். அதே அறையின் கதவு சட்டத்தில் உரசுகிறதா என்றும் பாருங்கள். கட்டடம் ஒரு பக்கம் அமர்ந்திருந்தால் கதவில்தான் முதலில் தெரியும்.

எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டுக் கழிப்பறையில் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தரை ஓடுகளை நாணயத்தால் தட்டிக்கொண்டே நடங்கள், உள்ளே காலியாக இருந்தால் சத்தம் மாறும். அடுத்த வீட்டில் ஐந்து நிமிடம் பேசுங்கள். கோடையில் தண்ணீர் வருமா, மழையில் தெருவில் நிற்குமா என்பதை விற்பவரை விட அவர் வெளிப்படையாகச் சொல்வார்.

"புது வீடுதானே, பார்க்க என்ன இருக்கிறது?" என்பார்கள். பழைய வீடு தன் குறைகளை ஏற்கெனவே காட்டிவிட்டது. புது வீடு இன்னும் காட்டவில்லை, அவ்வளவுதான். கான்கிரீட் சுருங்குவதும் மண் அமர்வதும் முதல் சில ஆண்டுகளில்தான். ஆகவே கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் அறை அறையாகக் குறைப் பட்டியல் எழுதி, கட்டியவரின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். பணம் முழுவதும் கை மாறிய பிறகு அதே பட்டியலுக்கு அந்த வேகம் இருக்காது.

பொறியாளரை நீங்களே தேடிக் கண்டுபிடியுங்கள். தரகரோ விற்பவரோ கைகாட்டுபவர் நேர்மையானவராகவே இருக்கலாம், ஆனால் அவருக்கு அடுத்த வேலையும் அவர்களிடமிருந்துதான் வர வேண்டும்.

படி 5: பதிவு வேறு, உரிமை வேறு

பெரிய நட்டங்கள் நடப்பது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாக.

உலகில் பெரும்பாலும் இரண்டு முறைகள். ஒன்று, உரிமையையே பதிவது. தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் 1858இல் கொண்டுவந்த முறை இது. ஏட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று அரசு பொறுப்பேற்கும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இந்த வழிதான். மற்றொன்று, பத்திரத்தை மட்டும் பதிவது. இந்தியாவில் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி நடப்பது இந்த இரண்டாவது. இன்னார் இன்னாருக்கு இந்த நாளில் விற்றதாக எழுதிக் கொடுத்தார் என்பதற்குத்தான் பதிவு சாட்சி. எழுதிக் கொடுத்தவருக்கு விற்கும் உரிமை இருந்ததா என்பதற்கு அது உத்தரவாதம் அல்ல. உரிமையில்லாதவர் எழுதிக் கொடுத்த பத்திரம் பதிவானாலும் உங்களுக்கு உரிமை வராது.

பவர் பத்திரத்தை வைத்துக்கொண்டு "வீடு நம்ம பேருக்கு வந்தாச்சு" என்று இருப்பவர்களும் உண்டு. பொது அதிகாரப் பத்திரம், விற்பனை ஒப்பந்தம், உயில் ஆகியவற்றை மட்டும் வைத்துச் செய்யும் 'விற்பனை' உரிமையை மாற்றாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரம் வேண்டும்.

ஆகவே பத்திரங்களைச் சங்கிலியாகப் படியுங்கள். இப்போதைய உரிமையாளர் யாரிடம் வாங்கினார், அவர் யாரிடம், அவர் யாரிடம் என்று தாய்ப்பத்திரம் வரை போங்கள். ஒரு கண்ணியில் ஒருவர் இறந்து சொத்து வாரிசுகளுக்கு வந்திருந்தால், அத்தனை வாரிசும் கையெழுத்திட்டார்களா என்று எண்ணுங்கள். வெளிநாட்டில் இருக்கும் தங்கை, அப்போது மைனராக இருந்த மகன் என்று யாரோ ஒருவர் விடுபட்டிருக்கும் இடத்தில்தான் பிற்பாடு வழக்கு வரும். அடமானமோ வேறு வில்லங்கமோ இருக்கிறதா என்று முடிந்தவரை நீண்ட காலத்துக்குப் பாருங்கள். பத்திரத்தில் எழுதிய அளவு தரையில் இருக்கிறதா என்று டேப் பிடித்து அளந்து பாருங்கள். கட்டிய பரப்பு அனுமதி பெற்ற வரைபடத்தோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள். வீட்டில் இப்போது குடியிருப்பவர் யார், எந்த உரிமையில் இருக்கிறார் என்று அவரிடமே கேளுங்கள். உரிமையைப் பதியும் நாடுகளிலும் இந்தக் கடைசிக் கேள்வியை விடக் கூடாது.

"அதான் பேங்க் வக்கீல் பார்த்துட்டாரே" என்பீர்கள். அவர் எழுதும் கருத்து வங்கிக்கானது. 100 பெறும் சொத்துக்கு 70 கடன் கொடுக்கும் வங்கிக்கு அந்த 70 திரும்பி வந்தால் போதும், வராவிட்டால் உங்கள் சம்பளத்திலிருந்தும் வசூலிக்கலாம். உங்கள் 30க்குப் பொறுப்பாக அந்த அறையில் யாருமில்லை. மொத்தச் செலவில் வழக்கறிஞர் கட்டணம் ஒரு சிறு துளி. தனியாக ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், எழுத்தில் கருத்து வாங்குங்கள்.

படி 6: விலையும் முன்பணமும்

"எனக்கு ஏரியா ரேட் தெரியும், ஏமாற மாட்டேன்." 1987இல் கிரிகரி நார்த்கிராஃப்ட், மார்கரெட் நீல் இருவரும் அமெரிக்காவின் டூசான் நகரில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே வீட்டை, ஒரே விவரங்களோடு, விற்பவர் கேட்கும் விலையை மட்டும் மாற்றிக் காட்டினார்கள். கேட்ட விலை கூடினால் பார்த்தவர்களின் மதிப்பீடும் கூடியது, குறைந்தால் குறைந்தது. அனுபவமுள்ள தரகர்களின் மதிப்பீடும் அப்படியே நகர்ந்தது. கேட்ட விலையை வைத்தா மதிப்பிட்டீர்கள் என்றால், அவர்களில் பெரும்பாலோர் இல்லை என்றார்கள்.

நம்மையும் அது இழுக்கும். தப்பிக்க ஒரே வழி, பேசப் போவதற்கு முன்பே உங்கள் எண்ணைத் தாளில் எழுதிவிடுவது. அந்த எண்ணை விளம்பரங்களிலிருந்து எடுக்காதீர்கள். அவை கேட்கும் விலைகள். சமீபத்தில் அதே பகுதியில் உண்மையாகக் கை மாறிய விலை வேண்டும். இணையத்தில் தானாக வரும் மதிப்பீட்டை ஒரு குறிப்பாக மட்டும் வையுங்கள். கணினி மதிப்பீட்டுக்குப் பேர்போன அமெரிக்காவின் ஜில்லோ நிறுவனமே, வீடுகளைத் தானே வாங்கி விற்கும் தொழிலை 2021 நவம்பரில் மூடுவதாக அறிவித்தது. விலைகளைச் சரியாகக் கணிக்க முடியவில்லை என்பதே காரணம்.

முன்பணம் கொடுத்துவிட்டால் வீடு நம்முடையது என்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. இங்கிலாந்தில் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளும் வரை இரு தரப்பும் விலகலாம். பிரான்சில் முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகும் வாங்குபவர் விலக 10 நாள் உண்டு. உங்கள் ஊர் விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எங்கே ஆனாலும், கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்புமா, பத்திரத்தில் குறை கண்டால் என்ன, கடைசித் தேதி எது, மின்விசிறியும் சமையலறை அலமாரியும் வீட்டோடு சேர்த்தியா என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் எல்லோரும் நல்லவர்கள்தான்.

படி 7: விற்பவர்களுக்கு

"கூட்டிச் சொல்லுவோம், பிறகு குறைத்துக்கொள்ளலாம்" என்பதே விற்பவர்களின் முதல் சறுக்கல். புதிதாக வந்த வீட்டை ஆவலோடு பார்க்கிற கூட்டம் முதல் சில வாரங்களில்தான் வரும். அவர்கள் விலையைப் பார்த்துத் தாண்டிப் போய்விட்டால், மூன்று மாதம் கழித்துக் குறைக்கும்போது வருபவர் "ஏன் இவ்வளவு நாள் போகவில்லை? என்ன கோளாறு?" என்றுதான் தொடங்குவார்.

"வாங்கின விலைக்குக் கீழே தர மாட்டேன்" என்பது இன்னொன்று. நீங்கள் எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்பது வாங்க வருபவருக்குத் தேவையே இல்லை. 1990களில் பாஸ்டன் அடுக்குமாடி வீடுகளை ஆராய்ந்த டேவிட் ஜெனிசோவ், கிறிஸ்டபர் மேயர் இருவரும் இதைக் கண்டார்கள். நட்டத்தை எதிர்நோக்கியவர்கள் மற்றவர்களை விட அதிக விலை கேட்டார்கள், ஓரளவு அதிக விலையும் பெற்றார்கள். ஆனால் அவர்கள் வீடுகள் விற்பனையாகாமல் நெடுநாள் நின்றன. நிற்கும் ஒவ்வொரு மாதமும் வட்டி ஓடும் என்பதையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

விற்பதற்கு முன் பெரிய மராமத்து வேண்டாம். உங்கள் ரசனையில் போட்ட சமையலறையை வாங்குபவர் இடித்துவிட்டு அவர் ரசனையில் போடுவார். ஒழுகும் குழாய், உரசும் கதவு, எரியாத விளக்கு, அழுக்குச் சுவர் போதும்.

குறையை மறைக்கவும் வேண்டாம். "வாங்குபவர்தான் பார்த்து வாங்க வேண்டும்" என்பது பழைய கொள்கை. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத குறையைத் தெரிந்தே மறைப்பவரைப் பல நாட்டுச் சட்டங்கள் காப்பாற்றுவதில்லை. 1991இல் நியூயார்க்கில் ஒரு விசித்திரமான வழக்கு வந்தது. தன் வீட்டில் பேய் இருப்பதாக விற்பவரே முன்பு பத்திரிகைகளில் எழுதியிருந்தார், வெளியூரிலிருந்து வாங்க வந்தவரிடம் சொல்லவில்லை. எவ்வளவு கவனமாகச் சோதித்தாலும் வாங்குபவரால் கண்டுபிடித்திருக்க முடியாத விஷயம் இது என்று சொல்லி, ஒப்பந்தத்திலிருந்து விலக நீதிமன்றம் அவரை அனுமதித்தது. பேய்க்கே அப்படி என்றால், பீரோவுக்குப் பின்னால் இருக்கும் ஓதத்துக்கு நிச்சயம் பதில் சொல்ல வேண்டிவரும். குறைகளை நீங்களே எழுதிக் கொடுத்து, அவர் படித்ததாகக் கையெழுத்து வாங்குங்கள். விலையில் கொஞ்சம் குறையலாம். இரண்டு ஆண்டு கழித்து வழக்கறிஞர் நோட்டீஸ் வராது.

கடைசியாக, கடன் இருந்த வீட்டை விற்பவர்களுக்கு ஒன்று. முழுவதும் அடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். வங்கிக் கணக்கில் பாக்கி பூஜ்யம் ஆகும். பதிவேட்டில் இருக்கும் அடமானக் குறிப்பு பல இடங்களில் தானாக நீங்காது. பாக்கி இல்லை என்ற கடிதம், ஒப்படைத்த மூலப்பத்திரங்கள், அடமான ரத்துப் பதிவு மூன்றும் கைக்கு வர வாரக் கணக்கில் ஆகலாம். வாங்குபவரைத் தேடத் தொடங்கும் அன்றே வங்கிக்குக் கடிதம் எழுதுங்கள். மூலப்பத்திரங்கள் திரும்ப வந்ததும் பக்கங்களை எண்ணிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.